சித்தப்பாவுக்கு வேர்க்காத ஞாயிறு

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் சூடு என்றால் என்னவென்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். விருத்தாசலத்தில் சூளைக்காரர் வீட்டில் பிறந்தவள் நான்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். சித்தப்பாவுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி கருவேப்பிலங்குறிச்சிக்காரி, எருமை வைத்துப் பிழைத்த குடும்பம். எங்கள் வீட்டுப் பெண்கள் அவள் காதுபடவே "எரும மேய்ச்சவ" என்பார்கள். அவளும் சும்மா இருக்க மாட்டாள். "எரும பாலு குடுக்கும். ஒங்க பொம்ம என்னா குடுக்கும்?" என்பாள். அதெல்லாம் பெண்களிடம்தான். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். புருஷனின் அண்ணன் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அப்போது இல்லை.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளை வேலை. நெருப்பு அணைந்த பிறகு, சூளை வாசலை அடைத்திருக்கும் செங்கல்லை ஒவ்வொன்றாகத்தான் உருவுவார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருக்கிற அத்தனை பொம்மையும் விரிந்து கீறல் விட்டுவிடும். சூடாக இருப்பதை மெதுவாக ஆறவிட வேண்டும். பேச்சு வருவதற்கு முன்பே எங்களுக்கு வந்த படிப்பு அது.

கத்திரி வெயில். ஞாயிற்றுக்கிழமை. டிவி இருக்கிற வீட்டு வாசலில் தெருவே குந்தியிருந்த காலம். சாயங்காலம் லாரி வருகிறது என்று சூளையைப் பிரித்துவிட்டார்கள். பொம்மைக்கு ஆறிவிட்டது, மனுஷனுக்கு ஆறவில்லை. சித்தப்பா ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போவதும் பொம்மைப் பெட்டியோடு வெளியே வருவதுமாக இருந்தார்.

செம்பில் தண்ணீர் கொடுப்பது என் வேலை. எப்போதும் அவர் வெளியே வரும்போது மழையில் நனைந்த காக்கை மாதிரி சொட்டுவார். தலையை உலுக்கி என்மேல் தெளிப்பார், நான் சிணுங்குவேன். அன்றைக்கு உலுக்கவில்லை. உலுக்குவதற்கு ஒரு சொட்டும் இல்லை.

"பாத்தீங்களா, வேர்வயே இல்ல! சூளையில வெந்து எறங்குன ஒடம்புடா இது!" என்றார் கூட வேலை செய்தவர்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பா கையைத் தொட்டுப் பார்த்தேன். சூளைச் சுவரைத் தொட்ட மாதிரி காய்ந்த சூடு. சித்தப்பா என்னைப் பார்த்து, "பஸ்ஸு வந்துருச்சா?" என்றார். எந்த பஸ் என்று நான் கேட்பதற்குள் முட்டி மடங்கி விழுந்தார்.

யாரோ வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அப்பா குறுக்கே பாய்ந்தார். "ஊத்தாத! இந்தச் சூட்டுல பச்சத்தண்ணி பட்டா தெறிச்சிரும். மெதுவா ஆறட்டும்."

கொட்டகையில் கிடத்தி, காற்றுப் படாமல் சாக்கால் மூடினார்கள். கூட வேலை செய்தவர் டெம்போவுக்கு ஆள் அனுப்பினார். டிரைவர் எந்த டிவி முன்னால் இருந்தானோ. சாக்கு விலகாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி அப்பா என்னை உட்காரவைத்தார். பிடித்துக்கொண்டேன். உள்ளே சித்தப்பா முனகினார். சூளைக்குள் பொம்மை விரியும்போது 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இவருக்குள்ளிருந்து வந்துவிடுமோ என்று சாக்கில் காதை வைத்துக் காத்திருந்தேன். பிடியை மட்டும் விடவில்லை.

சோற்றுத் தூக்குவாளியோடு சித்தி வந்தாள். வாளியைக் கீழே வைத்தாளா போட்டாளா தெரியாது. ஓடிவந்து என் கையிலிருந்த சாக்கைப் பிடுங்கி, அவர் நெற்றியையும் அக்குளையும் தொட்டுப் பார்த்தாள்.

"மூடு, மூடு!" என்றார் அப்பா.

சித்தி எழுந்து அப்பா முகத்துக்கு நேராக நின்றாள். முந்தானை மண்ணில் கிடந்தது. "வேர்வ நின்னுபோச்சு மாமா! எருமைக்கி வேர்வ பத்தாதுன்னுதான் அது குட்டையில போயி வுழுவுது. இவரு என்னா, பொம்மையா? மூடி வச்சா ஆறுவாரா?"

அப்பா ஓரடி பின்னால் நகர்ந்தார். சித்தியும் கூட வேலை செய்தவரும் சித்தப்பாவை இழுத்துப்போய், களிமண் கரைக்கிற தொட்டியோரம் போட்டார்கள். சித்தி அந்தக் கலங்கல் தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு ஊற்றினாள். ஊற்றிவிட்டு முந்தானையால் விசிறினாள். மறுபடி ஊற்றினாள். நான் 'டிங்' கேட்கும் என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

வெகுநேரம் போனது. வெயில் காற்றில் அவர் தோளில் களிமண் வெள்ளையாகக் காய்ந்து, குறுக்கே கோடு ஓடியது.

"ஐயோ, சித்தப்பா விரிஞ்சிட்டாரு!" என்று அலறினேன்.

சித்தி குனிந்து பார்த்தாள். அந்த விரிசலில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து மண்ணை அறுத்துக்கொண்டு வழிந்தன. சித்தி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புக் கரிக்குது மாமா, உப்புக் கரிக்குது!" என்றவள், அப்படியே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் டெம்போ வந்தது. பெரியாஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றி, பிழைத்து வந்தார் சித்தப்பா. அதோடு 'எரும மேய்ச்சவ' என்பதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சொன்னார்கள். ஆனால் யாருக்காவது உடம்பு காய்ந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

எனக்கு அன்றைக்குப் புரியாதது ஒன்றுதான். விரிசல் விட்டு ஒழுகுகிற பானையை எங்கள் வீட்டில் தூக்கி எறிவார்கள். இங்கே சித்தப்பா தோளெல்லாம் வேர்த்து ஒழுகுகிறார். சேற்றில் உட்கார்ந்து அழுகிற இந்தச் சித்தி எதற்காகச் சூளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறாள்?