சேர்மன் வீட்டில் ஒரு சாவு

எங்கள் ஊரில் ஜெயித்தவனுக்கும் செத்தவனுக்கும் எழுதித் தருகிறவன் நான்தான். சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். வாழ்த்து போஸ்டரும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மெஷினில் ஓடும். ஆகவே நகராட்சித் தலைவராகிவிட்ட என் பள்ளித் தோழன், காலமான தகப்பனாரின் படத்திறப்புக்கு நினைவு மலர் அச்சுப் போட வேண்டும், அதில் குடும்ப வரலாறு வர வேண்டும் என்று என்னிடம்தான் வந்தான்.

"ஜோடிக்காத. இருக்கறத எழுது," என்றான்.

அரசியல்வாதி வாயிலிருந்து வந்த சொல் என்பதால் நான் நம்பவில்லை.

அவன் தகப்பனார் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. அவரோடு வேலை செய்த பழைய ஆட்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே இடத்துக்கு வந்தார்கள். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டபோது, கூடப்பிறந்த தம்பியையே உள்ளே இறக்கியவர் அவர். தம்பியைப் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

அந்தத் தம்பியின் மனைவி கணியம்பாடிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன்.

"உள்ள காஸ் இருக்கும்னு மேஸ்திரிக்குத் தெரியாதா? அந்த ஆளு சாவுக்குக்கூட நான் போவல," என்றார். "ஆனா அவரு புள்ள தங்கம். மாசம் தவறாம வந்து பாத்துட்டுப் போவான். எனக்குப் புள்ள இல்லன்ற கொறையே அவனாலதான் தெரியல. எழுதறதா இருந்தா என் வீட்டுக்காரரு எப்டி செத்தாருன்னு எழுது. இல்லன்னா எங்க பேரே வேணாம்."

அவர் சொன்னபடியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு அவன் தாளைக் கவிழ்த்து வைத்தான். எனக்கு ஏளனமாக இருந்தது. "இன்னா சேர்மன், இருக்கறத எழுதுன்னு சொன்னியே?" என்று சீண்டினேன்.

அப்போதுதான் சொன்னான். டேனரியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு மூக்கு மரத்துப்போகும். தொட்டியில் எழும் அழுகிய முட்டை நாற்றம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் ஆள் இறங்குவதற்கு முன்னால், வெளியிலிருந்து வந்த யாரையாவது மோந்து பார்க்கச் சொல்வது வழக்கம். அன்று காலேஜ் லீவில் வந்திருந்த இவனைத்தான் தகப்பனார் கூப்பிட்டார். மூடியைத் திறந்ததும் இவனுக்குக் குமட்டியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். நாற்றம் அடங்கிவிட்டது.

"'இப்ப வரல நைனா'ன்னேன். அத நம்பித்தான் சித்தப்பா எறங்கினாரு. அங்க இருந்தது நாங்க மூணு பேர்தான்."

அந்தக் காஸ் ஜாஸ்தியானால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டானாம். நாற்றம் எங்கேயும் போகவில்லை, இவன் மூக்குதான் போயிருந்தது.

"'என்மேலயே இருக்கட்டும், நீ வாயத் தெறக்காத'ன்னாரு நைனா. கடைசி வரைக்கும் அப்டியே போய்ட்டாரு."

"சின்னம்மாகிட்ட போய்ச் சொல்லுடா. செத்தவரு மேல எதுக்கு இன்னும் பழி?"

"சொன்னா அந்த வாசப்படி எனக்குக் கெடையாது. அவங்களுக்கும் என்ன விட்டா யாரு இருக்காங்க?"

பரிதாபப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம்தான். மேடை மேடையாகப் பேசுகிறவனுக்குப் பெற்ற அப்பனுக்காக ஒரு வார்த்தை பேச நாக்கு எழவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் என் தாளை மடித்துக் கையில் கொடுத்து, ஓரெழுத்து மாற்றாமல் அச்சடிக்கச் சொன்னான்.

படத்திறப்பில் மலரைப் பார்த்த எல்லோரும் அவனை மெச்சினார்கள். சொந்த அப்பன் செய்த தப்பையே மறைக்காத மனுஷன் என்றார்கள். மாலை போட்ட படத்தின் கீழே அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுவாரம் மலரை நானே கணியம்பாடிக்குக் கொண்டுபோனேன். அண்ணன் மகள் உரக்கப் படித்துக் காட்டினாள். கேட்டு முடித்ததும் அந்தம்மா அழுதார். பிறகு முதல் பக்கத்தில் இருந்த சேர்மனின் ஃபோட்டோவை விரலால் தடவியபடி சொன்னார்.

"இத்தன வருசத்துல என் புள்ள ஒருத்தன்தான்யா உண்மையச் சொல்லியிருக்கான்."