அக்காவின் அறையில் எனக்குரிய இடம்

அந்தக் கோடையில் எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்குள் ஒரு போட்டி நடந்தது. யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழா அமர்க்களம் என்பதுதான் போட்டி. மில்காரர் வீட்டு விழாவுக்கு யானை வந்தது. அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்கு இரண்டு வீடியோக்காரர்கள் வந்தார்கள். பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்கிற சாக்கில், கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் பணக்கார உறவுகளுக்கெல்லாம் பெண்ணைக் காட்டிவிடுவார்கள். மூன்றாவதாக என் அக்கா வயதுக்கு வந்தாள். வாலாஜாபாத் பக்கம் நிலமும், கோயிலில் முதல் மரியாதையும் உள்ள குடும்பம் எங்களுடையது. சென்னையிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். "நம்ம வீட்டு விசேஷம் முடிஞ்சப்புறம் இந்த ஊர்ல வேற எந்த வீட்டைப் பத்தியும் பேச்சு வரக்கூடாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

விழா பதினோராம் நாள். அதுவரை அக்கா பின்கட்டு அறையில் தனித்து இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய், வாசற்படியில் குறுக்கே ஓர் உலக்கை. துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். ஆனால் அவள் வயதுக்கு வராதவளாக இருக்க வேண்டும். பதினோரு வயதுத் தங்கை நான் குத்துக்கல்லாக நிற்கும்போது அது யாருடைய இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இவ வேணாம்மா, தூக்கத்துல உதைக்கிறா. பரிமளாவை அனுப்பு" என்றாள் அக்கா.

பரிமளா எங்கள் சமையற்காரம்மாவின் மகள். தோட்டத்து வீட்டில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். பதிமூன்று வயது, எட்டாவது பாஸ் செய்துவிட்டு, லீவு முடிய ஒன்பதாவது போகக் காத்திருந்தாள். அக்கா அவள் பெயரைச் சொன்னதும் சமையற்காரம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அவளுக்கு இன்னாம்மா தெரியும், சின்னம்மாவே இருக்கட்டும்" என்று இரண்டு முறை சொன்னாள். எனக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று அவள்மேல் எனக்குத் திடீர்ப் பாசம் வந்தது. ஆனால் அத்தை "பரிமளாவே போவட்டும்" என்று முடித்துவிட்டாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அக்காவுக்குப் போன உளுந்தங்களியில் பாதி அவளுக்கும் போயிற்று. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும்; நான் வாசலில் போய் நின்றால் அடங்கிவிடும். ஒருநாள் அக்கா அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒருநாளும் அவள் சீப்பைக்கூடக் கொடுத்ததில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், வீடு உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, ஜன்னலுக்கு அடியில் கல்லைப் போட்டு ஏறி உள்ளே பார்த்தேன். பரிமளா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா தனக்காக மடித்து வைத்திருந்த துணிகளில் ஒன்றை அவளிடம் நீட்டினாள்.

"நீ எப்போடி வயசுக்கு வந்தே?"

"பொங்கலுக்கு முன்னாடியே. அம்மாதான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுச்சு."

"நானும் சொல்லமாட்டேன். சத்தியம்" என்று அக்கா அவள் கையில் அடித்தாள். அக்கா எனக்கு எதற்குமே சத்தியம் செய்து கொடுத்தவள் இல்லை.

கல்லிலிருந்து இறங்கினால் எதிரே சமையற்காரம்மா. என்னை மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப்போய் முன்னால் குந்தி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சின்னம்மா, யாராண்டயும் சொல்லிடாதம்மா. தெரிஞ்சா மாகறல்ல இருக்கிற என் தம்பி அன்னிக்கே பஸ் ஏறி வந்துடுவான். இவளைக் கட்டிக்கணும்னு காத்துக்கினு கீறான். பத்தாவது வரைக்குமாச்சும் படிக்கட்டும்னுதான் மறைச்சேன். துணைக்கு அனுப்ப மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்களேம்மா, நான் இன்னா சொல்வேன்?"

அவ்வளவு பேச்சில் என் மண்டையில் ஏறியது ஒன்றுதான்: இவளுக்குக் கல்யாணம் வேறு நடக்கப்போகிறது. மேளம், மாலை, புதுப் புடவை! எல்லாம் இவளுக்கேவா? "சொல்லமாட்டேன்" என்றேன். சாயங்காலம் காப்பி வேளையில், பத்துப் பெண்களுக்கு நடுவில், அத்தையிடம் சொல்லிவிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று சர்க்கரை தின்றதுபோல் இருந்தது.

அறையெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என்னை அக்காவுக்குத் துணையாக வைத்தார்கள். அக்கா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. தாயையும் மகளையும் துரத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் குடும்பத்தின் பெருந்தன்மை பற்றி எனக்குத் தெரிந்தது போதவில்லை. "நம்ம வீட்ல வளர்ந்த பொண்ணு, நாமளே செஞ்சிடுவோம்" என்றார் அப்பா. மாகறலுக்கு ஆள் போனது. அத்தைக்கும் கோபம் பறந்துவிட்டது. மில்காரர் யானை கொண்டுவரலாம். சமையற்காரி மகளுக்குப் பட்டெடுத்து விழா செய்த வீடு இந்த ஊரில் வேறு உண்டா?

ஏழாம் நாள் தோட்டத்தில் சின்னப் பந்தல் போட்டார்கள். நான் உலக்கையைத் தாண்டிக்கொண்டு பார்க்க ஓடினேன். மாம்பழ நிறப் பட்டில் பரிமளா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்றார்கள் பெண்கள். பட்டு கட்டிய திமிர் என்று நினைத்தேன் நான். சீர்த்தட்டோடு வந்த அவள் மாமா எங்கள் சித்தப்பாவைவிட மூத்தவராகத் தெரிந்தார். சந்தோஷத்தில் எனக்கும் ஒரு சாக்லேட் கொடுத்தார். ஆனி மாதமே முகூர்த்தம் என்று பேசி, அதுவரை மாகறலிலேயே இருக்கட்டும் என்று அன்றே அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். சமையற்காரம்மா தெருமுனைவரை போய்விட்டு வந்து, விருந்தாளிகளுக்கு வடை தட்டினாள்.

நான் அறைக்குத் திரும்பினேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"போய்ட்டாளா?"

"போய்ட்டா."

"இனிமே அவ பள்ளிக்கூடமே போவ மாட்டா. தெரியுமா உனக்கு?"

அது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. கணக்கு டீச்சர் கையில் ஸ்கேலோடு கண்முன் வந்தார். நான் மட்டும் போக வேண்டும். அவள் போக வேண்டாம். பட்டும் அவளுக்கு, கல்யாணமும் அவளுக்கு, இப்போது இதுவுமா? பொறாமை தாங்காமல் தேம்பித் தேம்பி அழுதேன்.

செய்த காரியத்துக்கு வருந்தி அழுகிறேன் என்று நினைத்த அக்கா, இந்தப் பக்கம் திரும்பி என்னைக் கட்டிக்கொண்டாள்.