வில்லன் சார் கேட்ட கேள்வி

எங்கள் டப்பிங் ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் வில்லன் சார் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடமாக வில்லன்களுக்கே குரல் கொடுத்தவர். வெளியே எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பார். மைக் முன்னால் நின்றாலோ கண்ணாடி அதிரக் கத்துவார். நான் சவுண்ட் இன்ஜினியர். அவர் கத்தும்போது மீட்டர் சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதே என் பிழைப்பு. "வீட்டுக்கும் கொஞ்சம் தொண்டையை மிச்சம் வைங்க சார்" என்பேன். "வீட்டுல யாருப்பா இருக்கா கேக்கறதுக்கு?" என்று சிரிப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று இருந்தது ஓர் அக்கா மட்டும். அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள், இப்போது வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். தினமும் மதியம் ஒரு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். எந்த வேலை நடந்தாலும் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார். "சாப்டியாக்கா?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

ஒரு படத்துக்கு டப்பிங் நடந்தது. அதன் டைரக்டர் ஒரு பிடிவாதக்காரர். ஒருவனைக் கட்டிப்போட்டு வில்லன் மிரட்டும் காட்சிக்குப் பதினேழு டேக் போயும் அவருக்குத் திருப்தியில்லை. "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா பயம் வரல. கத்துறவனைப் பார்த்தா, கத்தி முடிச்சிட்டுப் போயிடுவான்னுதான் தோணுது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கோபம்.

திரையில் வில்லன் முதுகைக் காட்டியபடி சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். இப்படிப்பட்ட ஷாட்டில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. வாயசைவு தெரியாது, எதை வேண்டுமானாலும் பேசி ஒட்டிவிடலாம். வில்லன் சார் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வசனத் தாளைக் கீழே வைத்தார். மைக்கை ஒட்டி வந்து, மெதுவாக, பாசமாகக் கேட்டார்.

"சாப்டியா?"

டைரக்டர் ஓகே சொல்லவே மறந்துவிட்டார்.

படம் ஓடியதே அந்த ஒரு கேள்வியால்தான் என்று அடித்துச் சொல்வேன். மிக்ஸிங்கில் நூறு தடவை கேட்டதால் நானும் வசமாக மாட்டிக்கொண்டேன். வீட்டில் மனைவி "சாப்டீங்களா?" என்றால் இன்றும் ஒரு நொடி கழித்துத்தான் எனக்குப் பதில் வருகிறது.

படம் வந்த இரண்டாவது வாரம் அந்த ஒரு மணி போன் நின்றது. இவர் கூப்பிட்டாலும் அக்கா எடுக்கவில்லை. நான்காம் நாள், டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தவர் தானாகவே சொன்னார்.

"அக்கா படம் பார்த்துட்டா போல. அந்த 'சாப்டியா' எங்கப்பா குரல். அவர் கத்தவே மாட்டார். வேலையிலேர்ந்து வந்து, சட்டைக் கையை மடிச்சுக்கிட்டே அக்காவைக் கேப்பார். வெறும் வயித்துல அடிக்கக் கூடாதாம். சாப்டேன்னு சொன்னதும் பெல்ட்டைக் கழட்டுவார். எனக்கு விழ வேண்டியதையும் அவதான் வாங்கினா." ஆறிய டீயைத் தள்ளி வைத்தார். "முப்பது வருஷமா தினம் என் குரல்ல கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வியைக் கழுவி வெச்சிருந்தேன். நானே பாழாக்கிட்டேன்."

அந்த டேக்கைப் பதிவு செய்த என் கையின் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் ஒரு மணிக்கு போன் அடித்தது. அவர் எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன். பழக்கத்தில் வாயைத் திறந்தவரை அக்கா முந்திக்கொண்டாள்.

"நீ பேசாத தம்பி. உன்மேல கோபமெல்லாம் இல்லடா. ஆனா நீ வாயைத் திறந்தா அவர் வந்து நிக்கறார். கொஞ்ச நாளைக்கு நான் பேசறேன், நீ கேளு."

குழாய் ஒழுகுவது, முட்டி வலி, பக்கத்து வீட்டுக்காரியின் வாய் என்று வரிசையாகச் சொன்னாள். வில்லன் சார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கண்ணீர் விரல்மேல் வழிந்தது. நடுவில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"தம்பி? இருக்கியா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"இருக்காருக்கா" என்றேன் நான். "கேட்டுக்கிட்டுதான் இருக்கார்."