நிலம் ஆடினால்தான் அலை என்றேன்

காரைக்காலில் முப்பது வருடம் புவியியல் நடத்தினேன். நிலம் பலமாக ஆடினால்தான் சுனாமி வரும் என்று தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழ் மெதுவாக நழுவினால், கரை லேசாகக் குலுங்கினாலும் பேரலை எழலாம் என்று ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். என் பேச்சை நம்பி யாராவது கரையிலேயே நின்றுவிட்டால்?

கருக்களாச்சேரியில் வலை பிரித்துக்கொண்டிருந்த பழைய மாணவரிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "அது பரீட்சைக்கு எழுதுனது சார். கடல் வத்துனாலோ சைரன் அடிச்சாலோ ஓடிருவோம். தரை ஆடுதான்னு எவன் பாத்துக்கிட்டு நிப்பான்?"

"நான் சொன்னதை நம்பவே இல்லையா?"

"உங்களக் கடல்ல ஒருநாள்கூடப் பாத்ததில்லையே சார்!"

என் பாடத்தை யாரும் நம்பாததில் இவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.