குளிக்காமல் வார்த்த இட்லி

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள் நான். ஆனாலும் என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்து உடம்பு உருக ஆரம்பித்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போடுவதுதான். பத்தரை மணிக்கு நெய்யும் பருப்புமாகச் சாதம் பிசைந்து வைப்பேன். நாலு பருக்கையைக் கொறித்துவிட்டுத் தட்டை நகர்த்துவார்.

"எல்லாம் பிடிவாதம்! வேற ஒண்ணும் இல்லை" என்று கத்துவேன்.

பாண்டி பஜாரில் எடுத்த பேண்ட்டை நாடா போட்டு இறுக்கிக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, டாக்டர் எச்சரித்தார். எடை இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்குமாம்.

அங்கேயே உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"கிரெலின்னு ஒரு ஹார்மோன்மா. வயிறு அதை அனுப்பித்தான் மூளைக்குப் பசியைச் சொல்லும். இந்த நோயில பல பேருக்கு வயிறு நிறையவே அனுப்புது, மூளைதான் கண்டுக்க மாட்டேங்குது. சார் பிடிவாதம் பிடிக்கலை. நிஜமாவே அவருக்குப் பசி தெரியலை."

நான் விடுவேனா? அப்படியானால் சாப்பிட்டாலும் ஏன் தசை கரைகிறது என்று கேட்டேன். கட்டியும், அதை எதிர்த்து நிற்கும் உடம்பும் சுரக்கிற பொருள்கள் தசையை அரிக்கின்றன என்றாள். முழுசாக யாருக்கும் தெரியவில்லை என்றும் ஒப்புக்கொண்டாள். ஐயோ, நோட்டுப் புத்தகம் கொண்டுவராமல் போனேனே என்றிருந்தது. புருஷன் பக்கத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு ஆசை! வெட்கமாகத்தான் இருந்தது.

கடைசியில் அவள் அவரிடம் கேட்டாள்: "சார், ஒரு நாளைக்கு எப்பவாவது பசிக்குதா?"

"விடியக்காலம் அஞ்சரைக்கு. ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் போயிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டோவில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "ஏன்னா, வாயில என்ன கொழுக்கட்டையா? இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நீ குளிச்சு, விளக்கேத்தி, நைவேத்யம் பண்ணாம நம்மாத்துல யார் சாப்பிட்டிருக்கா? கேட்டா உனக்கு தர்மசங்கடம். அதான் பேசாம இருந்துட்டேன்."

உண்மைதான். மாமியார் போட்ட சட்டம். அவர் போன பிறகு அதற்கு நான்தான் காவல். அஞ்சரை மணிக்கு இவர் சமையலறை வாசலில் வந்து நின்றதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். "குளிக்காம உள்ளே வராதேங்கோ" என்று விரட்டியும் இருக்கிறேன்.

மறுநாள் எழுந்த கையோடு, தலையை முடிந்துகொண்டு, குளிக்காமலே அடுப்பைப் பற்ற வைத்தேன். நாலு இட்லி வார்த்தேன். இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு போடேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று மாசமாகியிருந்தது. மிச்சமிருந்த ஒன்றுதான் அன்றைக்கு சுவாமிக்கு.

அடுத்த தடவை எடை ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை, கீமோ போட்டார்கள். சாப்பாடு மட்டும் இந்த நோயை நிறுத்திவிடாது என்பதையும் அந்தப் பெண் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அது புரிகிறது. வாசலில் பசியோடு நின்றவரை விரட்டியதை நினைத்தால்தான் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் அஞ்சரைக்கு அவர் வாசலில் நிற்பதில்லை. உள்ளே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.