கடை வாசலில் அம்மா கிண்டிய உப்புமா

எங்கள் அம்மாவின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்து இம்மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பின் அட்டை வெறுமையாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அச்சகத்தாரின் பிழையன்று, நாங்கள்தான் அப்படிக் கேட்டோம். காரணத்தை முடிவில் சொல்கிறேன்.

அம்மா திருப்பாச்சூரில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா காலமான பிறகு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவர் விட்டுச்சென்ற சேமியா ஆலையைத் தாமே ஏற்று நடத்தினார். "பொம்பள ஆளு, ஆறு மாசம் தாங்காது" என்றவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நன்றாகப் படியுங்கள்.

எங்கள் சரக்கில் பெரும்பகுதியை வாங்கியது, ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த ஒரு பெரிய கடை. அதன் திருவள்ளூர்க் கிளையில் வாங்கிய சேமியாவில் வண்டு இருந்ததென்று ஒரு வாடிக்கையாளர் சண்டை போட்டார். கடையின் கொள்முதல் மேலாளர் அம்மாவை அழைத்தார். நானும் உடன் சென்றேன். அவர்கள் கிடங்கில் வண்டு மொய்த்த அரிசி மூட்டைகளின் மேல்தான் எங்கள் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன.

"தப்பு எங்க கம்பெனிலதான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம். ஆர்டர் நிக்காது" என்றார் மேலாளர்.

"உங்க மூட்டையில கீற வண்ட என் தலையில கட்றீங்களே, இது இன்னா ஞாயம் சார்?"

"அப்போ நாங்க வேற ஆளப் பாத்துப்போம்."

"பாத்துக்கோ" என்று அம்மா எழுந்துவிட்டார்.

அனுப்பும் சரக்கில் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டியை ஆலையிலேயே எடுத்துவைப்பது அம்மாவின் வழக்கம். மறுநாள் காலை, புகார் வந்த அதே சரக்கின் பெட்டியோடும் ஒரு அடுப்போடும் கடை வாசலில் போய் இறங்கினார். வந்தவர்கள் கண்ணெதிரே பெட்டியைப் பிரித்து, உப்புமா கிண்டி, முதல் வாயைத் தாமே உண்டார். "வண்டு இருந்தா காட்டுங்க. இல்லன்னா துன்னுட்டுப் போங்க!" துரத்த வந்த காவலாளிக்கும் ஒரு தட்டு கிடைத்தது.

அன்றோடு அவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். பாதி இயந்திரங்கள் ஓய்ந்தன, அம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின. "கொஞ்சம் தணிஞ்சு போயிருக்கலாம்" என்று இப்போதும் சிலர் சொல்கிறீர்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. யாருடைய வண்டுக்கோ எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு ஆலை ஓடி என்ன பயன்? சோழவரம், அத்திப்பட்டு மளிகைக் கடைகளுக்கு அம்மாவே வண்டியேறிப் போய்ச் சரக்குப் போட்டார். நோயில் படுத்த கடைசி வாரத்திலும் என்னிடம், "பெட்டி எடுத்து வெச்சியா?" என்றே கேட்டார்.

கூலி தாமதமானபோதும் வேலையை விடாத பெண்களுக்கும், அந்த மளிகைக் கடைக்காரர்களுக்கும், மருத்துவமனையில் உடனிருந்த சித்திக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டுள்ளது.

சென்ற மாதம் அதே பெரிய கடையிலிருந்து மறுபடி சரக்குக் கேட்டு ஆள் வந்தார். இம்மலரின் பின் அட்டை முழுவதும் தங்கள் பெயரில் கண்ணீர் அஞ்சலி போடுவார்களாம். அச்சுச் செலவும் அவர்களுடையதாம்.

"எங்க அம்மா மேல தப்பு இல்லன்னு அதுல போடுவீங்களா சார்?" என்று கேட்டேன்.

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார். இன்னும் பதில் வரவில்லை. அவர்களுக்கான இடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.