தாத்தா போய் நாய் வந்த கட்டுரை

முக்கூடல் பஸ்ஸில் ஒரு பெரியவர் தன் பக்கத்து இருக்கையில் துண்டு போட்டு வைத்திருந்தார். வழுக்கைத் தலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை.

"ஆள் வருதா அண்ணாச்சி?"

"யாரு வாரா? வீட்டுக்காரி இருக்கும்போது வந்த பழக்கம். உக்காரும்வே" என்று துண்டை எடுத்தார்.

பேட்டை தாண்டியதும் அமெரிக்காப் பேச்சு வந்தது. அங்கே வளர்ந்த பேத்திக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"மொதல்ல என்னையத்தான் எழுதினா. லீவுக்கு வந்தப்போ ஆத்துல நீச்சல் சொல்லிக் குடுத்தேன்லா, அதை. எப்படி எழுதணும்னு வழி சொல்லக் காசு குடுத்து வச்சிருந்த ஆளு, இந்தியப் பிள்ளைய எல்லாம் தாத்தாவைத்தான் எழுதுதாவ, காலேஜில ஒங்க ஆளு ஏற்கெனவே ஜாஸ்தி, அதை அடிச்சிருன்னுட்டானாம். பொறவு வீட்டு நாயைப் பத்தி எழுதிட்டா."

"நாய் குடுத்து வச்சது" என்றேன். சிரித்தார்.

"அந்தக் காலத்துல காலேஜில எனக்கு, ஒங்க சாதியில படிச்ச ஆளே இல்லையேன்னு இடம் குடுத்தாவ. அவளுக்கு நம்ம ஆளு கூடிப்போச்சாம். பாத்தீரா கூத்தை?"

இப்படிப் பேசுகிற ஆள் கிடைத்தால் நான் விடமாட்டேன். ஆனால் அவர் வயலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். பிறகு பைய கேட்டார்: "நான் அதுல இருந்திருந்தாலும் அவளுக்கு இடம் கிடைச்சிருக்கும்லா?"

"கண்டிப்பா கிடைச்சிருக்கும் அண்ணாச்சி." அமெரிக்காவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்!

என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் இறங்கிவிட்டார்.

அங்கே ஏறியவர், "இங்கன ஆள் இருக்கா?" என்று கேட்டார். பெரியவர் இருந்த இடத்தில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.